ஒன்பதாம் நம்பர் மலையின் வேர்கள்

உன்னுடைய வேர் ஒன்று எல்லவில் இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதை நான்தான் துணியால் துடைத்தேன்.

எல்ல டவுனில் நான் இப்போது வேலை செய்யும் சுற்றுலா விடுதியின் முன்கூடத்துக்குப் புதிதாக ஒரு மேசை வந்திருக்கிறது. மேலே வட்டக் கண்ணாடி, கீழே அதைத் தாங்க ஒரு முழுத் தேயிலை வேர், தலைகீழாக. வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. குனிந்து துடைத்தபோது இரண்டு கிளைவேர்களுக்கு நடுவில் கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல் விரலில் தட்டியது. எத்தனையோ வருஷமாக வேர் அந்தக் கல்லைச் சுற்றி வளர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கிறது. மேசை செய்தவனால் அதை எடுக்க முடியவில்லை, அல்லது அழகாக இருக்கட்டும் என்று விட்டிருப்பான். அந்தக் கல்லைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அதை ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து கல்லோடு தோண்டி எடுத்தவள் நான். ஆனால் அது என் நிரை வேர் இல்லை, உன் நிரை வேர்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்த மேசையைத் தடவிப் பார்த்து முதலாளியிடம் ஏதோ கேட்டாள். நூறு வயசுச் செடி என்று அவர் பெருமையாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிறேனே, சிரிக்காமல் என்ன செய்வது? பின்னால் போய்த் தண்ணீர் வாளியை ஓங்கி உதைத்தேன். கால் பெருவிரல் நகம் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இவ்வளவு நாளும் உன்னோடு பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போது பேசியே ஆக வேண்டும். ஏழாம் நம்பர் மலையையும் வெட்டி வேர் பிடுங்க நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு நேர் கீழே இருக்கிற லயத்து வரிசை வீடுகளில்தான் உன் மகள் தர்ஷி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நமக்கு ஒன்பதாம் நம்பரில் பக்கத்துப் பக்கத்து நிரை. மலை உச்சியிலிருந்து லயத்துக் கூரை வரைக்கும் இறங்கி வருகிற இரண்டு வரிசைச் செடிகள். இருபத்திரண்டு வருஷம் நீ உன் வரிசையில், நான் என் வரிசையில். நமுனுகுலப் பக்கத்தில் அதைப்போலச் செங்குத்தான மலை இன்னொன்று இருக்குமா தெரியாது. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையோடு ஏறும்போது கால் வழுக்காத நாளே கிடையாது. வழுக்கினால் என்ன செய்வோம்? பக்கத்துச் செடியின் தூரைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். உன் உடம்பு முழுப் பாரத்தையும் ஒரு செடியில் போட்டுத் தொங்கியபடியே நீ என்னைப் பார்த்துச் சொல்வாய்: "ஏன்டி, ஒங்க மாதா கூட இப்படிக் கை குடுக்க மாட்டாடி." நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், நீ மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். மாதாவை இழுக்காமல் உனக்கு ஒரு நாள் விடியாது. நானும் உன் மாரியை விட்டதில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு செடி கூட நம் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்ததில்லை. அதை நாம் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததும் இல்லை. விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை. அதன் ஆணிவேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று யார் பார்த்தார்கள்? பிடித்தால் நிற்கும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இன்றைக்கு யோசித்தால், அந்த மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றுதான். தோட்டத்து ஆபீசில் இருந்த படித்தவர்களுக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்வது அவர்கள் மேல் இருக்கிற மரியாதையினால். தெரிந்துதான் செய்தார்கள்.

கொழுந்து குறைந்துவிட்டது, பழைய செடியை எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைக்கப் போகிறோம் என்றார்கள். கன்று வைக்கும் முன்னால் இரண்டு வருஷம் மானாப்புல் போட்டு மண்ணைத் தேற்றுவோம் என்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா, அதுதான் அந்த வெளிக்கள உத்தியோகத்தர், பேப்பரைப் பார்த்து வாசித்தார். புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஒருவரும் பயப்படத் தேவையில்லை என்றார். அந்தப் புல்லை எங்கே போட்டார்கள், சொல்லு பார்ப்போம்? கார் ரோட்டு ஓரமாக, பெரிய தொரையும் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் இறங்கி நின்று பார்க்கிற இடத்தில், நாலே நாலு பாத்தி. நம் லயத்துக்கு மேலே இருக்கிற செங்குத்தில் ஒரு புல்லும் விழவில்லை. போட்டோ எடுக்கக் கொஞ்சம் புல் போதும்தானே.

செடி பிடுங்கக் கொந்தராத்துக்கு வந்தவர்களும் அப்படித்தான். சமதரையில் வேரோடு பிடுங்கினார்கள். செங்குத்துக்கு வந்ததும் இடுப்பு வலித்ததோ என்னவோ, மெஷின் வாளால் செடியைத் தரையோடு அறுத்துவிட்டு, வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு விதத்தில் அது நம் அதிர்ஷ்டம். அதை நாமே கெடுத்துக்கொண்டோம்.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கையா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "மேல இருக்கிற வேரெல்லாம் ஒங்களுக்குத்தான். பழைய வழக்கப்படி அவங்கவங்க நிரை வேர அவங்கவங்க எடுத்துக்கலாம். வெறகுக்குக் கஷ்டப்படுறீங்களே, அதுக்காகத் தொரை குடுக்கிறாரு."

என்ன சந்தோஷம் நமக்கு! தோட்டத்தில் விறகு கொடுப்பதை நிறுத்தி எவ்வளவு காலம். தேயிலை வேர் விறகு என்றால் சும்மாவா, ஒரு கட்டை போட்டால் மத்தியானச் சோறும் வெந்து, பிள்ளைகள் குளிக்கத் தண்ணீரும் காயும். கைதட்டினோம். நீயும் தட்டினாய், நானும் தட்டினேன். கொந்தராத்துக்காரன் செய்யாமல் விட்ட வேலையை நம்மைக்கொண்டு சும்மா செய்விக்கிறான் என்று அந்தக் களத்தில் நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அலவாங்குக் கம்பியும் மண்வெட்டியுமாக மலை ஏறினேன். எனக்கு முன்னால் நீ ஏறி ஐந்து வேர் எடுத்திருந்தாய்.

ஆனால் முதலில் நிறுத்தியதும் நீதான்.

இடையில் பத்து நாள் மழை. மழை விட்டதும் ஏறினோம். நீ வேர் எடுத்த குழிகள் ஐந்தும் காய்ந்து கிடந்தன. அவ்வளவு மழைக்கு இடுப்பளவு குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. நீ கொண்டுவந்த தண்ணிப் போத்தலைத் திறந்து ஒரு குழிக்குள் கவிழ்த்தாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. "தண்ணி எங்கடி போகுது?" என்று என்னிடம் கேட்டாய். "ஒங்க மாரியாத்தா குடிக்கிறா" என்றேன். நீ சிரிக்கவில்லை. பிறகு உன் நிரையில் தோண்டாத தூர்களைக் காட்டினாய். தரையோடு அறுத்த தூரைச் சுற்றி, குண்டூசித் தலை அளவில், சிவப்புச் சிவப்பாகத் துளிர்.

"தலையத்தானே அறுத்தான். காலு இன்னும் உள்ள உசுரோட நிக்குதுடி. நான் இதுக்கு மேல தோண்ட மாட்டேன். நீயும் தோண்டாத" என்றாய். பிறகு லயத்துக் கூரையைக் காட்டி, "அந்தத் தண்ணியெல்லாம் உள்ள போயி ஒரு நாளைக்கு வெளிய வரும். எங்க வரும்ங்கிற?" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? உனக்கு முதுகு வலி, அதற்கு நல்ல சாக்கு என்றேன். பின்னால் வந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தேன். நீ அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாய். அன்றைக்கு மட்டும் நான் ஏழு வேர் எடுத்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆனால் அவர் அதை ஒருவரிடமும் சொல்ல மாட்டார். எனக்குத் தேவைப்பட்டது நாலு பேர் காதில் விழுவது.

தர்ஷிக்கு மூத்த பிள்ளை பிறக்கும் நேரம் நீ பதுளை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாய். அந்த நேரம் பார்த்து எல்லவிலிருந்து ஒருவன் லொறியோடு வந்தான். மேசைக்கால் செய்ய நல்ல வடிவான வேர் வேண்டும் என்றான். என் வேர்களில் பாதியை நான் ஏற்கெனவே அடுப்பில் வைத்துவிட்டேன். மலையைப் பார்த்து, "அந்த வரிசை நல்லா இருக்கே" என்றான். உன் வரிசை. துளிர்கள் அப்போது விரல் நீளம் வளர்ந்திருந்தன. நானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாளில் முழு வரிசையையும் தோண்டிக் கொடுத்தோம். அந்தச் செடிகளை ஏன் விட்டு வைத்தாய் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். தெரிந்துதான் தோண்டினேன். உனக்கும் பாதி கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன், திருடுகிறவர்கள் எல்லோரும் நினைப்பதுபோல.

நீ பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தோடு வந்தாய். மலையை நிமிர்ந்து பார்த்தாய். நான் உன் பாதிக் காசு முடிச்சை நீட்டினேன். அதை வாங்கவும் இல்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. நீ என்னை முடியைப் பிடித்து இழுத்து அடித்திருக்கலாம். லயம் முழுவதும் கேட்கும்படி நாறடித்திருக்கலாம். உன் வாய்க்கு அது ஒரு வேலையா? உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள். நீ சத்தம் போட்டிருந்தால் அந்த வேரை எடுத்தது நான் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். நீ வாயை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

முதல் வருஷ மழைக்கு மலை தாங்கியது. இரண்டாவது வருஷக் கார்த்திகை மழைக்குத்தான் ஆட ஆரம்பித்தது. மண் சரியும் என்று சொல்லி எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வரிசையில் சோற்றுக்கு நிற்கும்போது நீயாக என் பக்கத்தில் வந்தாய். அவ்வளவு நாளைக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு: "பீலித் தண்ணி செவப்பா வருதுடி. எப்பவும் வராது."

நம் லயத்துக் குடிதண்ணீர் பீலி. எந்த மழைக்கும் கலங்காமல் மலைக்குள்ளிருந்து கண்ணாடியாக வரும். அது மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் வீம்புக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளாகப் பேசிவிட்டாள், இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டுமே என்று. நீ கண்டாக்கையாவிடமும் போய்ச் சொன்னாய். "மழை பேஞ்சா தண்ணி கலங்கத்தான் செய்யும். ஒனக்கு என்னா, என்ஜினியர்னு நெனப்பா?" என்று அவர் கேட்டதையும், நின்றவர்கள் சிரித்ததையும் நான் பார்த்தேன். அன்றைக்கு நானும் உன்னோடு நின்று, "இவ சொல்றது சரி" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேர் சொன்னதாக ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. "வீட்டுக்குப் போங்க. நாளைக்கு எல்லாரும் பெரட்டுக்கு வரணும், கொழுந்து முத்திப் போயிருக்கு" என்றார் கண்டாக்கையா. மழை விட்டால் ஆபத்தும் விட்டது என்று அவருக்கு யார் சொன்னது? மலைக்குள் இறங்கிய தண்ணீர் அவர் சொன்னால் திரும்பிப் போய்விடுமா? அவருக்குக் கொழுந்து முத்திப்போன கவலை. நாம் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு பாயைச் சுருட்டினோம்.

சோறாக்கிய கிடாரம் கழுவுகிற முறை அன்றைக்கு எனக்கு. அதனால் நானும் என் வீட்டுக்காரரும், பிள்ளையைத் தூங்கவைத்திருந்த தர்ஷியும் பள்ளிக்கூடத்தில் பின்தங்கினோம். நான் உயிரோடு இருப்பதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. நான் போய் நின்றபோது நம் லயத்தில் ஆறு காம்பரா வீடு இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. உன்னையும் கடைசி வீட்டு ஆறுமுகத்தையும் மறுநாள்தான் எடுத்தார்கள். உன் கையில் அரிசி களைகிற சட்டி இருந்தது.

மலையைப் பார்த்தேன். சரிந்தது நம் இரண்டு நிரையும் அதற்கு அந்தப் பக்கம் எல்லோரும் வேர் எடுத்த இடமும். அதோடு நிற்கவில்லை, மேலே கொந்தராத்துக்காரன் பிடுங்கிய சமதரையிலும் ஒரு பெரிய வாய் பிளந்து கீழே வந்திருந்தது. தண்ணீர் வடியக் கான் வெட்டவில்லை, புல் போடவில்லை, அங்கே தேங்கிய தண்ணீர் முழுதும் இறங்கியிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்கு மேலே, உன் பேச்சைக் கேட்டு மூன்று பெண்கள் தோண்டாமல் விட்ட இடம் மட்டும் அப்படியே நின்றது. துளிர் ஆள் இடுப்புக்கு வளர்ந்து பச்சையாக. அந்த ஓரத்தில் வெட்டிவிட்டதுபோல மண் நின்றிருந்தது. உன் நிரையும் இருந்திருந்தால் உன் வீடு தப்பியிருக்குமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தப்பியிருக்காது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

இனி நான் செய்ததில் மோசமானது. எட்டாம் நாள் கண்டாக்கையா ஒரு பேப்பரோடு வந்தார். சிங்களத்தில் இருந்தது, தமிழில் வாசித்துக் காட்டினார். தோட்ட மக்கள் தாங்களாகவே வேர்களைத் தோண்டி எடுத்ததால் மலை சரிந்தது, தோட்ட நிர்வாகம் பொறுப்பில்லை என்று இருந்தது. யார் யார் தோண்டினார்கள் என்று நிரைப்படி பெயர். அவங்கவங்க நிரை வேர் அவங்கவங்களுக்குத்தானே, அதனால் உன் நிரைக்கு நேராக உன் பெயர். முழு வரிசையும் நீ தோண்டியதாக. "புது வீட்டுக்குப் பேரு அனுப்பணும். சாட்சிக் கையெழுத்து போட்டவங்க பேரு முதல்ல போகும்" என்றார். நான் உன் பெயரைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ரோட்டோரம் சமதரையில் புது வீடு வந்தது. வேர் தோண்டிய குற்றவாளியின் குடும்பம் என்று தர்ஷியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளை ஏழாம் நம்பருக்குக் கீழே உள்ள லயத்தில் ஒரு காம்பராவில் ஒதுக்கினார்கள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் புது வீட்டுக்கு வருவாள். "சித்தி, நீங்க இருக்கிறதுனால அம்மா இல்லாத குறை தெரியல" என்பாள். நான் அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பேன்.

அப்படியே போயிருக்கும். ஏழாம் நம்பர் விஷயம் வராமல் இருந்திருந்தால் நான் நல்ல சித்தியாகவே செத்திருப்பேன். மேசையைத் துடைத்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதே கண்டாக்கையா, அதே பேப்பர் வாசிப்பு, அதே மானாப்புல். ஒருவர் எழுந்து, ஒன்பதாம் நம்பர் சரிந்ததே என்று கேட்டார்.

"அது வெட்டுனதுனால சரியல. ஒங்க ஆளுங்க பேராசைக்கு வேர் தோண்டுனதுனால சரிஞ்சது. செத்துப்போனவளே முழு நிரையத் தோண்டியிருக்கா. இந்தத் தடவ யாரும் தோண்டாம இருந்தீங்கன்னா ஒண்ணும் ஆகாது" என்றார்.

தர்ஷி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு. அவள் தலையைக் குனிந்தாள். தாய் செய்த தப்புக்காக. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எழுந்து நின்றேன். "அவ தோண்டல" என்றேன். "அவ நிரைய நான்தான் தோண்டுனேன். அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"நீ ஒக்காரு" என்றார்.

"ஒக்கார மாட்டேன். எங்கள யாரு தோண்டச் சொன்னது? இந்த வாய்தான். வெறகுக்கு எடுத்துக்கன்னு பெரட்டுல சொன்ன இதே வாய். மேல புடுங்குன மண்ணுல புல்லு ஏன் போடல? கான் ஏன் வெட்டல? நாங்க தோண்டுனது தப்பு. தோண்டாம இருந்திருந்தா மட்டும் அந்த மொட்ட மலை நின்னிருக்குமா?"

அவர் பைலைப் பிரித்து அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "இது யாரு கையெழுத்து? ஒன்னுதுதானே?"

"என்னுதுதான். பொய்க் கையெழுத்து."

கூட்டம் கலைந்தது. தோண்டாமல் விட்ட அந்த மூன்று பெண்களும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். தர்ஷி நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதுளையில் மண்சரிவு பார்க்கிற கவர்மெண்ட் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தால்தான் நிறுத்துவார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். வியாழக்கிழமை போனேன். பஸ் ஹோல்ட்டில் தர்ஷி நின்றாள். என்னோடு வரத்தான் நின்றிருக்கிறாள், ஆனால் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். பதுளை வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு தமிழ்ப் பையன், உத்தியோகத்தர், நல்ல மாதிரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதினான். பெரட்டில் சொன்னது, குழியில் தண்ணீர் நிற்காதது, துளிர்த்த தூர், சிவந்த பீலி. எல்லாம் நீ எனக்குச் சொன்னது. உன் பெயரைச் சொல்லித்தான் எழுத வைத்தேன். கடைசியில், "அப்ப ஏன்மா பொய்யா கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டான். நான் சொல்வதற்குள் அவனே எழுதி வாசித்துக் காட்டினான்: நிர்வாகத்துக்குப் பயந்து கையொப்பமிட்டேன்.

அது எனக்கு உதவி. அப்படியே விட்டிருந்தால் தர்ஷியும் என்னை மன்னித்திருப்பாள். பயப்படாத ஆள் யார் நம் தோட்டத்தில்? அவள் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பயத்துனால இல்ல, தம்பி. வீட்டுக்காக. அத வெட்டிட்டு அப்படியே எழுதுங்க" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வெட்டிவிட்டு எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது தர்ஷி ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "எங்கம்மாவ மண்ணு ஒரு தடவதான் மூடுச்சு, சித்தி." அவ்வளவுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

ஏழாம் நம்பரில் இன்றுவரை வாள் வைக்கவில்லை. பதுளையிலிருந்து வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்று கடிதம் வந்திருக்கிறதாம். எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கொடுத்த வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் புலம்புகிறார். கேட்கட்டும். அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று நான் எழுதப் போவதில்லை. மன்னித்தால் எனக்குக் கோபம் ஆறிவிடும். கண்டாக்கையா மேல், தொரை மேல், அந்த நாலு பாத்திப் புல் மேல், வாயை மூடிக்கொண்டு போன உன் மேல், எல்லோரையும் விட என் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் வேண்டும். தர்ஷி அந்த லயத்தைவிட்டு இறங்கி வரும்வரைக்கும் வேண்டும். அதுவரைக்கும் தினமும் விடிந்ததும் ஏழாம் நம்பர் அடிவாரத்துக்குப் போய், பீலித் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எல்ல பஸ் ஏறுகிறேன். இன்றைக்குத் தெளிவாகத்தான் வந்தது.